கெலெபொன்யெயும் ஆறாம் கூடாரமும்

கெலெபொன்யெ பயந்தவள். காட்டு மிருகம் பார்க்க வருகிறவர்களுக்காகக் குவாய் ஆற்றங்கரையில் ஆறே கூடாரம் போட்டிருந்த அந்தச் சின்ன முகாமில் இது தெரியாதவர் இல்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அவளாகச் சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக அங்கே படுக்கை விரித்தாள், துணி துவைத்தாள், கூடாரத்துக்குக் கூடாரம் வெந்நீர் கொண்டுபோனாள். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மணல் பாதையில் வாய் மூடி நடந்ததில்லை. புதருக்குள் எது படுத்திருந்தாலும் முன்கூட்டியே எழுந்து போகட்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போவாள். கூட ஆள் இல்லாவிட்டால் கூடையில் இருக்கிற அழுக்குச் சட்டையைத் திட்டிக்கொண்டு போவாள். கூடார வாசலில் நின்று உடனே ஜிப்பைத் திறக்க மாட்டாள். கித்தானை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டி, இருபது வரை எண்ணி, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம்தான் திறப்பாள்.

சமையற்காரி தெபாட்ஸோ இதை நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரி. சாப்பாட்டு வேளையில் களிப் பானையை நாலு தட்டு தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா? சிங்கமா இருந்தா கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க, எனக்குப் பசிக்குது" என்பாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"சிரிங்கடி, சிரிங்க. லீவுக்கு நான் முழுசா வீட்டுக்குப் போவேன். உங்கள்ல யாரை மூட்டை கட்டி அனுப்புறாங்கன்னு பார்க்கிறேன்" என்று கெலெபொன்யெயும் கூடச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில், அப்பாவோடு ஓடத்தில் மீன் வலை எடுக்கப் போனபோது நீர்யானை ஓடத்தைக் கவிழ்த்தது. அப்பாவை ஒரே ஒரு தடவைதான் தண்ணீருக்கு மேலே பார்த்தாள். நாணல் அறுக்க வந்த பெண்கள் உச்சிவேளையில் அவளைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் கோரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாளாம். இதை அவள் கதையாகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "அப்பா ஆத்துல போனாரு" என்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் ஏன் காட்டுக்குள் வேலைக்குப் போனாள் என்று கேட்கலாம். அந்தப் பக்கத்தில் வேலை என்றாலே முகாம் வேலைதான். புருஷன் மவுன் நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் மவுனில் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனார்கள். மூன்று மாதம் முகாம், ஒரு மாதம் மவுன் என்று அவள் காலம் ஓடியது.

அந்த வருஷம் செப்டம்பரில் டீச்சரம்மா செபேகோ வந்து இறங்கினார். தெற்கே லொபாட்ஸெயில் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றுக்குத் தலைமை ஆசிரியை. வயது ஐம்பத்தைந்து. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நாற்காலிக் கடை ஒன்று நடத்திய குலுக்கலில் முகாமில் மூன்று நாள் தங்குகிற பரிசு அவருக்கு விழுந்திருந்தது.

"சோபா வாங்கினதுக்கு சிங்கம் இனாமாம்! நான் கேட்டேனா? தள்ளுபடி குடுத்திருந்தா போதும்னுட்டேன்" என்று முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் சொல்லி, வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கும் அதை ஆங்கிலத்தில் விளக்கிச் சிரிக்க வைத்தார்.

அவருக்குக் கொடுத்தது ஆறாம் கூடாரம். சமையல்கட்டிலிருந்து இருநூறு தப்படி தள்ளி, நதி வளைகிற இடத்தில் கடைசியாக இருந்தது அது. காட்சி நன்றாக இருக்கும் என்று முதலாளிகள் அங்கே போட்டார்கள். கெலெபொன்யெக்குப் பிடிக்காத கூடாரமும் அதுதான்.

இரண்டாம் நாள் மாலை எல்லோரும் வண்டியில் மிருகம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா வரவில்லை. காலையில் வண்டி குலுக்கிய குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. துவைத்த துணியைக் கொடுக்கவும் வெந்நீர்ப் பை வைக்கவும் கெலெபொன்யெ போக வேண்டியிருந்தது. வழிகாட்டி மொரோங்கா அவளைக் கூடாரம் வரை கொண்டுவந்து விட்டான்.

"எனக்கு வண்டி கிளம்புற நேரமாச்சு. வேலை முடிஞ்சதும் ரேடியோவுல மேலாளர் கெனோசியைக் கூப்பிடு, அவரு வந்து அழைச்சிக்குவாரு. தனியா நடக்காதே" என்றான்.

"நானா? தனியாவா? உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றாள் கெலெபொன்யெ.

உள்ளே டீச்சரம்மா மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். "வா மகளே. அந்தத் தைலத்தை எடு. இடுப்புக்கு மேல, இடது பக்கம். அழுத்தித் தேய், நான் ஒண்ணும் முட்டை இல்ல" என்றார். கெலெபொன்யெ தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு மணி இருக்கும். வெளியே வெயில் இன்னும் வெள்ளையாகக் காய்ந்தது. ஆற்றுப் பக்கம் கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. அவள் கையும் தானாக நின்றது.

"என்ன நிறுத்திட்டே?"

"பேசாதீங்க டீச்சரம்மா."

குளம்புச் சத்தம் கேட்டது. ஒரே மிருகம், தலைதெறிக்க ஓடி வருகிற சத்தம். அது நேராகக் கூடாரத்தை நோக்கி வந்தது. கெலெபொன்யெ அவரைக் கட்டிலிலிருந்து பிடித்துக் கீழே இழுத்தாள். அதே நொடியில் முன்கயிறுகள் இரண்டும் விண்ணென்று தெறித்தன. முன்கம்பம் முறிந்தது. பெரிய உடம்பு ஒன்று வாசல் பலகையின் மேல் விழுந்து, கித்தானை மூட்டை போல உள்ளே தள்ளியது. கிழிசல் வழியாகக் கொம்பின் முனை ஒன்று உள்ளே வந்து நாற்காலியைக் குத்திச் சாய்த்தது. முறுக்குக் கொம்பு மான். நல்ல வளர்ந்த கிடா.

அது ஒரு தடவை கத்தியது. மாடு கத்துவது போல, ஆனால் நீளமாக. பாதியில் அந்தக் கத்தல் நின்றது. அப்புறம் வேறு மூச்சுகள் கேட்டன. கனமான மூச்சுகள். கித்தான் நடுங்கியது.

"எத்தனை?" என்றார் டீச்சரம்மா. வகுப்பை அடக்குகிற அந்தக் குரல் எங்கே போனதோ, காற்றாகத்தான் வந்தது.

கெலெபொன்யெ கிழிசல் வழியே பார்த்தாள். மண் நிறத்தில் ஒரு முதுகு, அதன் பின்னால் இன்னொன்று, கழுத்தைக் கவ்விக்கொண்டு மூன்றாவது. நடுவில் இருந்தது எட்டு முழம்கூட இல்லாத தூரம், ஒரே ஒரு கித்தான் துணி.

"மூணு. பெண் சிங்கம்."

"இஜோ! என் மேல்சட்டை எங்கே?"

"சட்டை வேண்டாம். தவழுங்க. பின்னால, குளியலறைக்கு."

"சட்டை இல்லாம நான் சாக மாட்டேன்."

கெலெபொன்யெ ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டு, பின்பக்க ஜிப்பை ஒவ்வொரு பல்லாகத் திறந்தாள். அந்த முகாமில் குளியலறை என்றால் கூடாரத்தின் முதுகில் ஒட்டின மாதிரி நாணல் தட்டியால் ஆளுயரத்துக்கு அடைத்த சின்ன இடம். மேலே கூரை கிடையாது. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தொட்டி, வெந்நீர் கொண்டுவருகிறவர்களுக்காக ஒரு நாணல் கதவு. அதற்குக் கொக்கிகூட இல்லை, ஒரு கயிற்றுக் கண்ணிதான்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். முன்பக்கம் எலும்பு முறிகிற சத்தம் வந்தது. நடுநடுவே ஒன்றையொன்று உறுமித் துரத்துகிற சத்தம். ஒவ்வொரு உறுமலுக்கும் தொட்டித் தண்ணீர் சிலிர்த்ததைக் கெலெபொன்யெ பார்த்தாள். இடுப்பிலிருந்த ரேடியோவை வாயோடு ஒட்டவைத்துப் பேசினாள்.

"ஆறு. சிங்கம். உள்ள ரெண்டு பேரு."

கெனோசியின் பதில் கரகரவென்று வெடித்தது. "என்னது? சத்தமாச் சொல்லு! கேட்கலை!"

முன்பக்கத்து மெல்லுகிற சத்தம் நின்றது. கெலெபொன்யெ ரேடியோவைப் பாவாடைக்குள் அமுக்கி, திருகி அணைத்தாள். இனி அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள், வருகிறார்களா இல்லையா, எதுவும் தெரியாது.

மணலில் பாதம் பதிகிற சத்தம் கேட்காது. தட்டியின் ஒரு மூலையில் வெளிச்சம் மறைந்ததை வைத்துத்தான் அவள் கண்டுகொண்டாள். மூன்றில் இளசு அது. கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. நாணலுக்கும் நாணலுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு கண் தெரிந்தது. இரத்த வாடையும் பச்சை இறைச்சி வாடையும் சூடாக உள்ளே வந்தன. பிறகு கயிற்றுக் கண்ணி போட்ட கதவை முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது. கதவு உள்பக்கம் ஒரு சாண் வந்து திரும்பிப் போனது.

டீச்சரம்மா எழுந்துவிட்டார். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட யோசிக்கவில்லை, ஓட வேண்டும், அவ்வளவுதான். கெலெபொன்யெ அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"விடுடி!"

"ஓடாதீங்க. ஓடினா வரும். டீச்சரம்மா, உங்க கால்ல விழறேன், ஓடாதீங்க."

"என்னால முடியாது. எனக்கு மூச்சு வரலை."

"எனக்கும் வரலை. உட்காருங்க. என் முகத்தைப் பாருங்க. அந்தப் பக்கம் பார்க்காதீங்க."

டீச்சரம்மா உட்கார்ந்தார். அவர் பற்கள் தந்தியடித்தன. கெலெபொன்யெ தன் புறங்கையை அவர் வாயில் கொடுத்தாள். அவர் கடித்துக்கொண்டார், நிஜமாகவே கடித்தார். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. இளசு தட்டி ஓரமாகவே மோப்பம் பிடித்துப் போனது, திரும்பி வந்தது, பிறகு அங்கேயே நிழலில் படுத்துக்கொண்டது. அதன் முதுகு அழுத்தி நாணல் உள்பக்கம் வளைந்தது. அந்த வளைவு மேலும் கீழும் அசைவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று டீச்சரம்மாவைக் கேட்டால் இரண்டு மணி நேரம் என்பார். கெனோசியைக் கேட்டால் இருபத்தைந்து நிமிஷம்.

மொரோங்காவின் வண்டி விருந்தாளிகளோடு வெகுதூரம் போயிருந்தது. கெனோசிக்குக் கிடைத்தது விறகு ஏற்றுகிற பழைய பிக்கப் வண்டி. அதைப் பின்னோக்கி ஓட்டியபடியே அவர் குளியலறைப் பக்கம் வந்தார். இளசு எழுந்து பதினைந்து தப்படி தள்ளிப் போய்ப் பம்மிக்கொண்டது. வண்டியின் பின்புறம் நாணல் தட்டியை மடாரென்று சாய்த்தது.

"ஏறுங்க! முன்கதவு! முன்கதவு!" என்று கத்தினார்.

முன்கதவுக்குப் போக, வண்டியின் ஓரமாக வெட்டவெளியில் மூன்று எட்டு வைக்க வேண்டும். கெலெபொன்யெ டீச்சரம்மாவை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். துண்டு ஒரு பக்கம் நழுவியது. அந்தக் கனத்த உடம்பு படியில் கால் எட்டாமல் திணறியது. கெலெபொன்யெ தோளைக் கொடுத்து முட்டி உள்ளே ஏற்றினாள். அடுத்து அவள் ஏற வேண்டும்.

அப்போதுதான் கிழட்டுப் பெண் சிங்கம், மானின் கழுத்தைக் கவ்வியிருந்த அந்தப் பெரியது, கூடாரத்தைச் சுற்றிப் பாய்ந்து வந்தது. அதன் உறுமலில் கெனோசியின் கால் தானாக அழுந்திவிட்டது. திறந்த கதவோடு வண்டி துள்ளி முன்னால் ஓடியது.

கெலெபொன்யெ தனியாக நின்றாள்.

சிங்கம் பத்துத் தப்படியில் நின்றது. வால் இரண்டு தடவை நிமிர்ந்து விழுந்தது. அவள் பின்பக்கமாகவே மூன்று எட்டு வைத்தாள், முதுகில் தண்ணீர்க் குழாய் பட்டது. கையைப் பின்னால் விட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பக் கூடாது என்று தெரியும், திருப்பவில்லை. கத்த வேண்டும் என்றும் தெரியும், வாய் திறந்தது, குரல் வரவில்லை. காலோடு வெந்நீர் ஊற்றினது போல இருந்தது. தான் நனைந்துவிட்டோம் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. சிங்கத்தின் மோவாயிலிருந்து இரத்தம் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது. அது அவளை நிதானமாகப் பார்த்தது. பெரிய பிள்ளைக்குப் பதினாறு வயது, சின்னவளுக்குப் பன்னிரண்டு என்று மட்டும் அவள் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, யாரோ விண்ணப்பத்தில் எழுதக் கேட்டது போல.

சிங்கம் முன்னால் ஓரடி வைத்தது.

வண்டிக்குள்ளே நடந்ததைப் பிறகு கெனோசியே சொன்னார். ஐம்பது தப்படி போனதும் வண்டி அணைந்துவிட்டது. அவர் சாவியைத் திருகவே இல்லை. டீச்சரம்மா வெறும் கையால் அவர் மண்டையில் அறைந்தார்.

"புள்ளைய விட்டுட்டு வந்துட்டியேடா! திருப்பு வண்டிய!"

"ம்மா, சிங்கம்..."

"சிங்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன, பாடமா கேட்டேன்? திருப்புடா!"

வண்டி திரும்பி வந்தது. சிங்கத்துக்கும் கெலெபொன்யெக்கும் நடுவே, உடைந்த தட்டியை நசுக்கிக்கொண்டு நுழைந்தது. டீச்சரம்மா கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கெலெபொன்யெ அசையவில்லை. அவள் மற்றக் கை குழாயை விடவில்லை.

"விடு மகளே. குழாயை விடு."

"விட முடியலை. கை வரலை, டீச்சரம்மா."

தலைமை ஆசிரியை இறங்கினார். சிங்கம் வண்டிக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருக்க, இடுப்பு வலியோடு, நழுவுகிற துண்டோடு இறங்கி, குழாயிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்தாவது விரல் வந்ததும் அவளை அள்ளி உள்ளே எறிந்து, தானும் அவள் மேலேயே விழுந்து கதவைச் சாத்தினார்.

சமையல்கட்டில் தெபாட்ஸோ காய்ந்த பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சரம்மாவுக்கு ஒருவர் கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடிக்கவைத்தார். கெனோசி மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு வந்து கெலெபொன்யெயின் முன்னால் மணலில் உட்கார்ந்தார்.

"உன்னை விட்டுட்டுப் போகணும்னு நான் போகலை, ம்மா."

"தெரியும் ஐயா. உங்க கால் போச்சு. என் கை போச்சு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

சிங்கங்கள் இரண்டு நாள் ஆறாம் கூடாரத்தை விட்டு நகரவில்லை. டீச்சரம்மா மறுநாள் காலை விமானத்தில் கிளம்பினார். போகும்போது ஒரு காகிதத்தில் தன் தொலைபேசி எண்ணை எழுதி கெலெபொன்யெயின் கையில் திணித்தார். கடித்த காயத்துக்கு மருந்து போட்டிருந்த கை அது.

மவுனுக்கு லீவில் போன கெலெபொன்யெ, அக்கா வீட்டு நாய் கதவைப் பிறாண்டினால் அலறினாள். திரும்பி வரமாட்டாள் என்றுதான் முகாமில் பேசிக்கொண்டார்கள். வந்தாள். எட்டு நாள் வேலை பார்த்தாள். பேசிக்கொண்டே நடந்தாள், கித்தானைத் தட்டினாள், இருபது எண்ணினாள். இருபது முடிந்த பிறகும் கை ஜிப்புக்குப் போகவில்லை. நாற்பது எண்ணினாள். எட்டாவது நாள் நூறு வரை எண்ணிவிட்டு, துணிக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்னால இனி முடியாது, ஐயா. பகல் விமானத்துல ஒரு இடம் பாருங்க" என்றாள் கெனோசியிடம்.

"கொஞ்ச நாள்ல சரியாயிடும், ம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரியாகக் கூடாது. எனக்குப் பயம் போயிடுச்சுன்னா நான் ஏதாவது ஒரு நாள் தட்டாமத் திறந்துடுவேன். அதுக்கு முன்னாடி போயிடறேன்."

தெபாட்ஸோ அவள் பெட்டியை ஓடுபாதை வரை தூக்கிக்கொண்டு வந்தாள். "யாரை வச்சுடி நான் இனி சிரிக்கிறது?" என்று அழுதாள்.

மவுனுக்கு வந்ததும் கெலெபொன்யெ அந்தக் காகிதத்தை எடுத்துப் போன் செய்தாள். டீச்சரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வா." விடுதியில் அறுபது பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. செங்கல் கட்டடம், இரும்புக் கதவு, இரண்டாம் மாடி. மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பள்ளி வாசலில் லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. இப்போது அதுதான் அவளுக்குப் பயம். சனிக்கிழமை பிள்ளைகள் கடைக்குப் போகும்போது அறுபது பேரையும் வரிசையில் நிறுத்தி, கைகோர்க்க வைத்து, ஒரு வண்டிகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரை கால் எடுத்து வைக்க விடமாட்டாள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அவளுக்குக் கவலை இல்லை.

டீச்சரம்மா பிரார்த்தனைக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது கெலெபொன்யெ சிங்கத்தை முறைத்தே விரட்டிவிடுவாள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு, "பயமாவே இல்லையா ம்மா உங்களுக்கு?" என்று கேட்பார்கள்.

"டீச்சரம்மா கண்ணாடி போடாம இருந்தாங்க, சரியாப் பார்க்கலை. நான் பாவாடையிலேயே மூத்திரம் போயிட்டேன். போங்க, போய்த் துணியை மடிச்சு வைங்க" என்பாள் கெலெபொன்யெ.